முன்னால் புதுசு, பின்னால் பழசு

1

எங்கள் ஊர் நைனார்பாளையத்திலிருந்து யார் போன் பண்ணினாலும் நலம் விசாரித்த கையோடு அடுத்த கேள்வி ஒன்றுதான்: பொண்ணு இன்னா படிக்குது? கம்ப்யூட்டர் என்றோ நர்ஸ் என்றோ சொல்லிவிட்டால் பேச்சு மழைக்கும் மக்காச்சோளத்துக்கும் போய்விடும். போன வாரம் பெரியம்மா மகள் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியதோ, காரை வழுக்கி வழுக்கி ஓட்டப் படிக்கிறாள் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அலோ அலோ என்றேன். கட்டாகவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல என்னால் ஆகாது.

நாங்கள் நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஹாமில்டன் என்கிற ஊருக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது. வீட்டுக்காரர் சேகர் மணலூர்பேட்டைக்காரர். இங்கே பால்பண்ணைகளில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறார். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். ஆமாம், நானேதான். ஒரே மகள் தமிழரசி, வீட்டில் அரசி. வயசு பத்தொன்பது. அவள் படிப்பது ட்ரிஃப்ட்.

ட்ரிஃப்ட் என்றால் வளைவில் காரின் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிடுவது. வண்டியின் மூக்கு ஒரு பக்கம் இருக்கும், வண்டி போவது இன்னொரு பக்கமாக இருக்கும். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்து, ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைத்து, சுழன்று நின்றுவிடாமல் வளைவு முழுக்க அப்படியே கொண்டுபோக வேண்டும். இதற்குத் தனி மைதானம் உண்டு, ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் நிற்கும். ரோட்டில் செய்தால் போலீஸ் வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே யாரும் கவலைப்பட வேண்டாம்.

புதிதாகக் கற்பவர்களை ஈரத் தரையில்தான் விடுவார்கள். இரண்டு வட்டத்தைச் சேர்த்து எட்டுப் போட்டதுபோல, நடுவில் சுழலாமல் வழுக்கிக் காட்டினால்தான் பெரிய டிராக்கில் அனுமதி. அரசிக்கு அந்த அனுமதி இந்த சீசன் முடிவதற்குள் வேண்டியிருந்தது. தெற்குத் தீவில், கிரைஸ்ட்சர்ச் ஊரில் ட்ரிஃப்ட் கார்களைத் தயார் செய்கிற ஒரு பட்டறையில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிபந்தனை அது ஒன்றுதான். பாஸானால் வேலை. வேலை என்றால் கடல் தாண்டிப் போய்விடுவாள். இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

2

இந்தப் பைத்தியம் அவளுக்கு எங்கே பிடித்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். கல்வராயன் மலையில், ரெண்டு வருஷம் முன்பு நாங்கள் ஊருக்கு வந்திருந்தபோது. என் தம்பி முருகேசன் வெள்ளிமலைப் பக்கமிருந்து குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, ஏற்றிவந்து சின்னசேலம் பக்கத்து ஆலைகளில் இறக்குகிறவன். சும்மா ஒரு ரவுண்டு வாங்க என்று எங்களை முன்சீட்டில் அடைத்துக்கொண்டு மலையேறினான். மேலே போனால் மழை பெய்து காடு சேறாகக் கிடக்கிறது. ஈரத்தில் பிடுங்கினால் கிழங்கு மண்ணோடு வரும், ஆலையில் விலையைக் குறைப்பார்கள், நாளைக்கு வாங்க என்று கிழங்குக்காரர் ஆளுக்கொரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். வெறும் வண்டியாகத் திரும்பினோம்.

மழை ரோட்டில் வெறும் லோடு வண்டி ஆகாது. பின்னால் கனமில்லாமல் துள்ளும். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் அப்படியே வெளியே போனது. முருகேசன் பிரேக்கைத் தொடவில்லை. பின்பக்கம் போன திசைக்கே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடித்தான். வண்டி கொஞ்ச தூரம் குறுக்காகவே இறங்கி, பிறகு நேரானது. அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. என் வீட்டுக்காரர் கதவுக் கைப்பிடியை விடவேயில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த இவள் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு, "மாமா, அதே மாதிரி இன்னொரு வாட்டி பண்ணு" என்றாள்.

வீட்டுக்காரர் கச்சிராயபாளையம் வருகிறவரைக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் பாரம் இல்லை, அதான். பாரம் இருந்திருந்தால் நின்றிருக்கும். டீக்கடையில் இறங்கிய பிறகும் முருகேசனைப் பிடித்துக்கொண்டு, வெறும் வண்டியை இறக்காதே, நாலு மூட்டை மண்ணாவது போட்டுக்கோ என்று பாடம் நடத்தினார். இவள் அதற்குள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குனிந்து பின்டயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே வந்ததும் பகுதிநேர வேலை பார்த்துப் பணம் சேர்த்து, பின்சக்கரத்துக்கு இழுவை போகிற ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினாள். முருகேசனுக்கு விஷயத்தைச் சொன்னேன். போனிலேயே தலையில் அடித்துக்கொண்டிருப்பான். "யக்கா, நாங்க வழுக்கக் கூடாதுன்னு உசுர கையில புடிச்சிக்கினு எறங்குறோம். நீங்க துட்டு குடுத்து வழுக்குறீங்களா?" என்றான். அவன் கேட்டது நியாயம்தான்.

3

ட்ரிஃப்டில் பாதி வேலை டயரில்தான். பின்டயர் வழுக்க வேண்டும், முன்டயர் பிடிக்க வேண்டும், இவ்வளவுதான் வேதம். பின்னால் எவ்வளவுக்கெவ்வளவு கெட்டியான, மலிவான ரப்பரோ அவ்வளவுக்கு நல்லது, கற்றுக்கொள்கிறவர்களுக்கு. பிடிப்புக் கம்மியாக இருந்தால் மெதுவான வேகத்திலேயே வழுக்கும், தப்பு செய்தாலும் அடி படாது. முன்னால் மட்டும் நல்ல மெத்தென்ற ரப்பராக, புதுசாக வேண்டும். வழுக்கிக்கொண்டிருக்கிற வண்டிக்கு வழி காட்டுவது முன்டயர்தானே.

இதை அரசி சொன்னபோது எனக்குப் புதுசாகவே தெரியவில்லை. என் பிறந்த வீட்டு லோடு வண்டியில் காலம் காலமாக இதுதான் வழக்கம். புது டயர் முன்னால். தேய்ந்தால் பின்னால் தள்ளு. ரீட்ரேட் பண்ணின டயர் பின்னால் மட்டும்தான். மலையில் முன்டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடும், பின்டயர் வெடித்தால் பார்த்துக்கொள்ளலாம்.

மணலூர்பேட்டை கட்சி வேறு. அங்கே நெல்லும் கரும்பும், எல்லாம் டிராக்டர். டிராக்டருக்குப் பின்சக்கரம்தான் உயிர். நல்ல டயர் பின்னால் போட வேண்டும், சேற்றைக் கவ்வுகிற மாதிரி காற்றைக் குறைக்க வேண்டும். அதுவும் போதாதென்று பின்டயருக்குள் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள், சக்கரம் கனமாக இருந்தால் சேற்றில் சுற்றாமல் இழுக்கும் என்று. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை. பின்னால் புதுசு போடு என்று அவர், முன்னால் போடு என்று நான். எங்கள் கல்யாணத்தில் சீர்வரிசைக்குக்கூட ரெண்டு குடும்பமும் இவ்வளவு அடித்துக்கொள்ளவில்லை. ஜெயித்தது நைனார்பாளையம். அதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

டயர் கடையில் நான் போய் ஸ்டெப்னிக்கும் ஒண்ணு வேணும் என்று கேட்டதற்கு அந்தக் கடைக்காரப் பையன் திருதிருவென்று முழித்தான். ஊரில் டிரைவரிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற பாட்டிவரை எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை, இங்கிலீஷ்காரனுக்குத் தெரியவில்லை. அரசி காதோரம், ஸ்பேர் என்று சொல்லும்மா என்றாள். பன்னிரண்டு வருஷமாக அது இங்கிலீஷ் வார்த்தை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பின்னால் போடுவதுதானே என்று நான் ஆளுக்கொரு கம்பெனியாகப் பழைய டயர் ரெண்டு பொறுக்கினேன். வண்டித் தகுதிச் சோதனைக்குப் போனால் ஃபெயில். ஒரே அச்சில் இருக்கிற ரெண்டு டயரும் ஒரே ரகமாக இருக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் நாலும் நாலு ஜாதியாக வெள்ளிமலை ஏறி இறங்குதே என்று அந்த அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ரொம்ப மரியாதையாகச் சிரித்துவிட்டு ஃபெயில் சீட்டையே நீட்டினார். மறுபடி அலைந்து ஒரே ரகத்தில் ரெண்டு ஜோடி வாங்கினோம். ஒரு ஜோடி ஓட்டத்துக்கு, ஒரு ஜோடி கையிருப்புக்கு. வழுக்குகிற டயர் பென்சில் மாதிரி தேயும்.

4

டயர் வாங்கியதோடு முடியவில்லை, காற்று இருக்கிறது. முதல் நாள் பின்னால் முப்பத்திரண்டு பவுண்டு வைத்துப் போனோம். கார் வழுக்கவே மாட்டேன் என்றது. பிடித்துப் பிடித்துப் போய், திடீரென்று விட்டு, சுழன்று நின்றது. நாற்பது வைத்தோம், கொஞ்சம் இளகியது. நாற்பத்தைந்து வைத்ததும் சோப்புத் தண்ணீரில் விட்டதுபோல நிதானமாகப் போனது. காற்று ஜாஸ்தியானால் டயர் புடைத்து நடுப்பகுதி மட்டும் தரையில் படும், அதனால் பிடிப்புக் கம்மி. முன்னால் முப்பத்திரண்டே போதும். டயரின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, ஓட்டி வந்ததும் கோடு எதுவரைக்கும் அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பக்கச் சுவர்வரைக்கும் அழிந்திருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். நாலு சுற்று ஓடினால் டயர் சூடேறி, காற்று தானாக ஏறும். அதைக் கொஞ்சம் இறக்கிவிட வேண்டும். முன்சக்கரங்களின் தலையை உள்பக்கம் லேசாகச் சாய்த்துக்கூட வைத்தோம், முழுக்கத் திருப்பும்போது டயர் முழுசாகத் தரையில் படுவதற்காக. பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் எனக்கு இதே ஞாபகம்தான்.

அவர் மட்டும் ஒரு நாளும் மைதானத்துக்கு வரவில்லை. நாங்கள் கிளம்புகிற காலையில்தான் அவருக்குப் புல் வெட்டுகிற வேலை வரும். திரும்பி வந்தால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடி கிடி பட்டுதா என்று கேட்பார். அவளிடம் கேட்கமாட்டார்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. அரசி பேசுகிற தமிழே அவரிடம் கற்றதுதான். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் அந்த டீச்சரம்மா, வூடு இல்லை வீடு, இன்னா இல்லை என்ன என்று திருத்தி அனுப்புவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் சிரித்துக்கொண்டே, அங்க அப்படிச் சொல்லு, இங்க இப்படிச் சொல்லு என்று சமாதானம் செய்வார். ரெண்டு பேரும் வாயோயாமல் பேசுவார்கள். கிரைஸ்ட்சர்ச் வேலை என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அவள் அவருக்கு இங்கிலீஷில் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அவரும், அவள சாப்புடச் சொல்லு, அவள கதவ சாத்தச் சொல்லு என்று என் வழியாகவே பேசினார். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு நான் தபால் பட்டுவாடா செய்தேன்.

5

சீசனின் கடைசிப் பயிற்சி நாள் போன ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு, நானும் வரேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டேன். அவள் காரில் முன்னே போக, நாங்கள் எங்கள் வண்டியில் பின்னே போனோம். வழியெல்லாம் அவர் அவள் காரின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பயம்போல என்று விட்டுவிட்டேன்.

மைதானத்தில் இறங்கியதும் வண்டி ஒரு மாதிரி குலுங்குதும்மா என்றாள் அரசி. காற்றை அளந்து பார்த்தாள். நாற்பத்தைந்து, சரியாக இருந்தது. ரோடு அப்படியிருக்கும் என்று நானும் சொல்லிவிட்டேன்.

பயிற்சி தருகிற டெப்பி என் வயசுக்காரி, கறாரானவள். கையைக் காட்டினாள், அரசி கிளம்பினாள். முதல் வட்டத்தில் கார் வழுக்கவேயில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பிடித்துக்கொண்டே போனது. இன்னும் மிதித்தாள். திடீரென்று பின்பக்கம் மொத்தமாக விட்டு, பம்பரம்போலச் சுற்றி, அடையாளக் கூம்புகளை வாரிக்கொண்டு புல்லில் போய் நின்றது. ரெண்டாவது தடவையும் அதேதான். நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டெப்பி வந்து, மத்தியானம் கடைசியாக ஒரு வாய்ப்புத் தருகிறேன், அதற்குள் வண்டிக்கு என்னவென்று பார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொட்டகைக்கு வந்ததும் அரசி குனிந்து பின்டயர் வால்வில் அளவுக் கருவியை வைத்து அழுத்தினாள். வால்வு இந்தத் தடவை அடிப்பக்கமாக நின்றிருந்தது. காற்று வரவில்லை. தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவள் முகத்தில் அடித்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கார் டயருக்குள் தண்ணீர் ஊற்றத் தெரிந்த ஆள் இந்தத் தீவிலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் மணலூர்பேட்டையில் பிறந்து, பால்பண்ணையில் ரிப்பேர் வேலை பார்த்து, இப்போது கையில் சோற்று டப்பாவோடு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் நாங்கள் ரெண்டு பேரும் கடைக்குப் போயிருந்தபோது, ஜாக்கி வைத்துத் தூக்கி, வால்வு ஊசியைக் கழற்றி, தோட்டத்து ஓஸைச் செருகி முக்கால் பாகம் நிரப்பி, மேலே காற்றும் அடித்து வைத்திருக்கிறார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அரசி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ப்பா, தண்ணி ஊத்துனியா?"

"ஆமாம்மா. பின்னால பாரம் இருந்தா நிக்கும்னு."

"நிக்கக் கூடாதுப்பா. அதுக்குத்தான் நான் ஒரு வருஷமா கத்துக்கினு இருக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஜாக்கியை எடுத்துப் பின்பக்கம் வண்டிக்கு அடியில் தள்ளினாள். அவர் உதவிக்குக் குனிந்தார். தொடாதே என்றாள், அதையும் தமிழிலேயே சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தை நான் அடக்கவில்லை. அவள் கழுத்து உடைந்திருந்தால் என்ன செய்திருப்பாய், உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை நீ என்று சொன்னது அப்போதுதான். மெதுவாகப் போகும் என்று நினைத்தேன், சுத்தும் என்று நினைக்கவில்லை என்றார். நான் விடவில்லை.

"வுழுந்துடுவான்னு பயமா, போயிடுவான்னு பயமா? அத சொல்லு முதல்ல."

அவர் டப்பாவைக் கீழே வைத்தார். "ரெண்டுந்தான்" என்றார். பிறகு அவளைப் பார்க்காமலே, "போவாதன்னு வாயால சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. நானே எங்கப்பன வுட்டுட்டு வந்தவன்" என்றார்.

போல்ட் கழற்றிக்கொண்டிருந்த அரசியின் கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி கழற்றினாள். எனக்கு அழுகை வந்தது, அவர்கள் பார்க்கக் கூடாதென்று டப்பாவை எடுத்து வண்டியில் வைக்கப் போனேன்.

நான் திரும்பி வந்தபோது கையிருப்பு டயர் ரெண்டும் மாட்டியாகிவிட்டது. கிடப்பில் இருந்த டயர்கள், காற்றுக் கம்மி. அவள் அவர் பக்கம் காற்றுக் குழாயை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"காத்து நீ அடி."

அவர் வாங்கிக்கொண்டார். எவ்வளவு என்று கேட்டார். நாற்பத்தைந்து என்றாள். மண்டி போட்டு உட்கார்ந்து அடித்தார். முப்பத்தைந்தில் நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து என்றால் டயர் இன்னும் தரையைப் பிடிக்கும், அது அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் குழாயைத் திருப்பி வாங்க வரவில்லை. அவர் குனிந்து மிச்சத்தையும் அடித்தார். ரெண்டு டயருக்கும் அடித்து முடித்து எழுந்து விலகி நின்றார்.

அவள் தன் கருவியை எடுத்து ரெண்டையும் அளந்து பார்த்தாள். அளக்காமல் போயிருந்தால் நானே திட்டியிருப்பேன். "சரியா கீதுப்பா" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினாள்.

முதல் வட்டத்தில் பின்பக்கம் அலுங்காமல் விட்டது. முன்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பிப் பிடித்துக்கொள்ள, தண்ணீரை விசிறிக்கொண்டு வட்டம் முழுக்க வந்து, நடுவில் மூக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாறி, ரெண்டாவது வட்டமும் முடிந்தது. எங்கேயும் நிற்கவில்லை. வேலியோரம் அவர் தன் ரெண்டு கையையும் ஸ்டீயரிங் பிடிப்பதுபோல வைத்துக்கொண்டு அவள் திருப்புகிற பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தார். டெப்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவள் இறங்கி வந்தாள். அவர் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. குனிந்து பின்டயரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நடுவில் மட்டும் தேய்கிறது, கை பழகினதும் காற்றை ரெண்டு ரெண்டாகக் குறைத்துக்கொண்டு வா என்றார். சரிப்பா என்றாள். அப்புறம் அவரேதான் கேட்டார்.

"எப்ப கெளம்பற?"

"அடுத்த மாசம் வரச் சொல்லிகிறாங்கப்பா."

"கப்பல்ல வண்டிய ஏத்திக்கினு போலாம் இல்ல? நானும் வரேன். நீயே ஓட்டு. நான் பக்கத்துல குந்திக்கினு வரேன்."

அவள் சரி என்றாள். எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு, வழியில் எங்கே சாப்பிடுவது என்று ரெண்டு பேரும் அங்கேயே நின்று பேச ஆரம்பித்தார்கள். அந்தக் காரில் பின்சீட்டே கிடையாது, டயர் அடுக்குவதற்காகக் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறோம். எனக்கு உட்கார இடமில்லை என்பது அவர்கள் ரெண்டு பேருக்குமே தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.